கூடையோடு எடுப்பதா, பொறுக்கி எடுப்பதா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்துக்கு மேலே ஒரு மொட்டைமாடி இருக்கிறது. கீழே காலையில் பெரியவர்கள் பேப்பர் படிப்பார்கள். மேலே ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் இருபது பேர் வரை கூடுவார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு வெள்ளை அடித்து அதையே திரையாக்கி, போன வருடம் முழுக்க ஆவணப் படங்களும் சில தனி எபிசோடுகளும் காட்டினோம். இந்த ஜூனிலிருந்து ஒரே தொடரை விடாமல் காட்டலாம் என்று முடிவானது. தொடர், விண்வெளிக் கப்பலில் ஊர் சுற்றும் அமெரிக்கக் கதை, ஸ்டார் ட்ரெக். அதுவரை சண்டை இல்லை. அதில் எதைக் காட்டுவது, எத்தனை எபிசோட் காட்டுவது என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் தூர்தர்ஷனில் பழைய ஸ்டார் ட்ரெக் பார்த்து வளர்ந்த ஆள். "காட்டுனா முழுசா காட்டு. நடுவுல நடுவுல பிச்சிப் போட்டா அது தொடரே இல்ல" என்பது அவர் கட்சி. ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பிக்கு, சமீபத்தில் வந்த பத்து எபிசோட் சீசன்கள்தான் சரி. "ண்ணா, பசங்க முக்கால் மணி நேரம் ஒரே எடத்துல உக்கார்றதே பெருசு. பழச போட்டா எழுந்து போயிடுவாங்க." மூன்றாவது கட்சி, பன்னிரண்டாவது படிக்கும் ஒரு பெண். இணையத்தில் நாலைந்து பட்டியல்களைப் பார்த்து, சிறந்த இருபது எபிசோடுகளைத் தன் கையெழுத்திலேயே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். "எல்லாரும் நல்லதுன்னு சொல்றத மட்டும் பாத்தா போதும்ல அங்கிள்?"

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வட்டுகள் என்னிடம் இருப்பதால் முடிவை என்னிடம் விட்டுவிட்டார்கள். மூன்று வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நீண்ட தொடர் ஒன்றை எங்கிருந்து, எவ்வளவு பார்ப்பது என்று திகைத்து நிற்கும் வேறு யாருக்காவதும் இது பயன்படலாம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 1966-இல் தொடங்கிய முதல் தொடர் மூன்று சீசன், 79 எபிசோட். 1987 முதல் 1994 வரை வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஏழு சீசன், 178 எபிசோட். அப்புறம் டீப் ஸ்பேஸ் நைன் 176, வாயேஜர் 172, என்டர்பிரைஸ் 98. 1987-இலிருந்து 2005 வரை ஆண்டுக்கு ஒரு தொடராவது ஓடிக்கொண்டே இருந்தது. சில ஆண்டுகளில் இரண்டு தொடர்கள் ஒன்றாக ஓடின. முதல் தொடரை விட்டு மற்ற நான்கையும் கூட்டினாலே 624 எபிசோட் வருகிறது. திரைப்படங்களும் கார்ட்டூன் தொடர்களும் இதில் சேரவில்லை.

எந்தத் தொடர் என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. நெக்ஸ்ட் ஜெனரேஷன்தான். ஒவ்வொரு எபிசோடும் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் தானாக முடிந்துவிடும். கப்பல் தலைவர் பிகார்டாக நடிக்கும் பேட்ரிக் ஸ்டூவர்ட் ஷேக்ஸ்பியர் நாடக மேடையிலிருந்து வந்தவர். அவர் பேசும் ஆங்கிலம் நிறுத்தி நிதானமாக, சொல் சொல்லாகக் காதில் விழும். கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டே பிள்ளைகள் பின்தொடரலாம். பழைய டிவிக்காக எடுத்தது என்பதால் படமும் ஏறக்குறையச் சதுரம். எங்கள் தொட்டிச் சுவரும் அப்படித்தான்.

சரி, இனி அண்ணன் கட்சி.

178 எபிசோடை ஞாயிறுக்கு இரண்டாகக் காட்டினால் 89 ஞாயிறு. ஒரு வாரம்கூட விடாமல் போனாலே ஒரு வருடம் எட்டு மாதம் ஆகும். ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடி கிடையாது. மார்ச்சில் பொதுத்தேர்வு. அவற்றைக் கழித்துப் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்கும். பத்தாவது படிக்கும்போது வந்து உட்காரும் பையன் முடிவைப் பார்க்கும்போது பள்ளியின் கடைசி வருடத்தில் இருப்பான். அதுவரை யார் வருவார்கள்?

காலத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. நெக்ஸ்ட் ஜெனரேஷனின் முதல் சீசன் பலவீனமானது. அதிலும் தொடக்கத்திலேயே 'கோட் ஆஃப் ஆனர்' என்று ஒரு எபிசோட் வரும். ஒரு கோளின் மக்கள் முழுவதையும் கறுப்பின நடிகர்களை வைத்துக் காட்டி, அவர்களைப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும் பழங்குடியாக எழுதியிருக்கிறார்கள். அதே தொடரில் பிகார்டின் துணைத் தலைவர் ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸே அதை இனவெறி என்று பின்னாளில் கண்டித்திருக்கிறார். எங்கள் பிள்ளைகள் நிறத்துக்காகவும் ஏரியா பெயருக்காகவும் பேச்சு வாங்கிப் பழகியவர்கள். வடசென்னை என்றாலே சினிமாவில் கத்தியோடு வருகிறவர்களாகத்தான் பெரும்பாலும் தங்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புதிய உலகத்தை அறிமுகப்படுத்துகிறேன் என்று கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டாவது வாரமே இதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அண்ணன் சொன்ன ஒன்றை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். "மட்டமான எபிசோடும் வேணும்பா, அது இல்லன்னா இது இல்ல" என்றார். அவர் பாசத்தில் சொன்னார். ஆனால் இந்தத் தொடரின் வரலாறும் அதைத்தான் சொல்கிறது.

1966-இல் வந்த முதல் தொடர், இரண்டாவது சீசனோடு நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தது. ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். மூன்றாவது சீசன் வந்தது. ஆனால் எப்படி வந்தது? பட்ஜெட்டைக் குறைத்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். தரம் இறங்கியது. அந்த சீசனின் முதல் எபிசோட், கப்பல் அதிகாரி ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போகும் கதை. இன்றுவரை மோசமானவற்றின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. 1969-இல் தொடர் நின்றது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அமெரிக்காவில் அப்போது ஊர் ஊராக இருந்த சிறு டிவி நிலையங்கள், பழைய தொடர்களை வாங்கித் தினமும் ஒன்றாக மாலையில் ஓட்டுவார்கள். தினமும் ஓட்ட வேண்டுமானால் கையில் சரக்கு வேண்டும். இரண்டு சீசனோடு நின்றிருந்தால் 55 எபிசோட்தான். மூன்றாவது சீசனின் 24 சேர்ந்ததால் 79 ஆயிற்று. தினமும் ஓட்டுவதற்கு அந்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. எழுபதுகளில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அந்த மறு ஒளிபரப்புகளில்தான் ஸ்டார் ட்ரெக்கைக் கண்டுபிடித்தார்கள். முதல் ஓட்டத்தில் கிடைக்காத கூட்டம் அப்போது கிடைத்தது. 1979-இல் திரைப்படம், 1987-இல் புதிய தொடர் எல்லாம் அந்தக் கூட்டத்தை நம்பி வந்தவைதான். அந்தத் தரம் குறைந்த 24 எபிசோட் இல்லாமல் போயிருந்தால், நான் இன்று எந்தத் தொடரைக் காட்டுவதென்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கவே மாட்டேன்.

இதை அண்ணனிடம் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை தொடரைக் காப்பாற்றியது என்பதற்காக அத்தனையையும் பிள்ளைகளின் தலையில் கட்ட முடியாது. முழுவதும் காட்டுவது என்ற வழியை இந்த இடத்தில் விட்டுவிட்டேன்.

பட்டியலோடு வந்த பெண்ணின் வழிக்கு வருகிறேன். பார்க்கும்போது இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். இருபது எபிசோட், பத்து ஞாயிறு, எல்லாம் முத்து. போன வருடமே நான் இதை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன் என்பதுதான் என் தயக்கம்.

'தி இன்னர் லைட்' என்ற எபிசோட். 1992-இல் வந்தது. அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல் ஐந்துக்குள் இருக்கும். விண்வெளியில் மிதக்கும் ஒரு பழைய கருவியின் கதிர் பட்டு பிகார்ட் மயங்கி விழுகிறார். விழித்தால் வேறொரு கோளில், வேறொரு பெயரில், மனைவியோடு இருக்கிறார். அங்கே பிள்ளை பெற்று, பேரன் பார்த்து, புல்லாங்குழல் கற்று, கிழவராகிறார். அந்தக் கோள் அழிந்து ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது, அதன் நினைவைத்தான் அவர் வாழ்ந்து பார்த்தார் என்று கடைசியில் தெரிகிறது. கப்பலில் கழிந்தது அரை மணி நேரம்கூட இல்லை. கையில் அந்தப் புல்லாங்குழல் மட்டும் மிஞ்சுகிறது.

அதை நான் தனியாகக் காட்டினேன். பிள்ளைகளுக்குப் பிடித்தது. அமைதியாகப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "இந்த சார் எப்பவுமே பசங்க கூட இப்படித்தான் பாசமா இருப்பாரா?"

நான் பதில் சொல்லாமல் நின்றேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்குள்தான் அந்த எபிசோடின் உயிர் இருக்கிறது. பிகார்டுக்குக் குழந்தைகள் என்றாலே சங்கடம். முதல் எபிசோடிலேயே ரைக்கரைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைகளோடு பழக எனக்கு வராது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். குடும்பம் வேண்டாம், கப்பல் போதும் என்று வாழும் மனிதர். அப்படி அவரை ஐந்து வருடமாக, 124 எபிசோடுகளாகப் பார்த்தவர்களுக்குத்தான் 125-ஆவதில் அவர் பிள்ளைகளுக்கு அப்பாவாக இருப்பதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். எங்கள் பிள்ளைகள் பார்த்தது அன்பான ஒரு தாத்தாவை. அது தப்பில்லை. ஆனால் நான் அவர்களுக்குக் கொடுக்க நினைத்தது வேறு. அதைக் கொடுக்காமல் விட்டது நான்தான். அந்த 124-இல் எத்தனையோ சுமார். அந்தச் சுமார்களில்தான் அவர் தேநீர் குடிக்கிறார், சலித்துக்கொள்கிறார், லிஃப்ட்டில் மூன்று பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் விழிக்கிறார். ஒரு மனிதரைத் தெரிந்துகொள்வது அப்படித்தான் நடக்கிறது.

பட்டியல்களைப் பற்றி இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. பொறுக்குவது யார்?

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். கலந்த மீனைக் கூடையோடு எடுத்தால் எல்லாம்தான் இருக்கும். நாலு பேர் சேர்ந்து எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வோம். வஞ்சிரம் மட்டும் வேண்டும் என்பவர்கள் கடைக்குப் போய் வெட்டி வாங்கிக்கொள்ளலாம், அது அவர்கள் வசதி. ஆனால் விலை இல்லை என்று மற்றவர்கள் ஒதுக்கும் காரப்பொடிதான் எங்கள் வீட்டில் முதலில் தீரும். எது நல்ல மீன் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

அந்தப் பெண் கொண்டுவந்த இருபதில் 'தி பாண்டிங்' இல்லை. நான் பார்த்த பட்டியல்கள் எதிலும் அதைக் கண்ட நினைவில்லை. மூன்றாவது சீசனின் ஐந்தாவது எபிசோட். பாதுகாப்பு அதிகாரி வோர்ஃப் தலைமையில் ஒரு கோளில் இறங்கும் குழுவில் ஒரு பெண் அதிகாரி இறந்துவிடுகிறார். எப்போதோ முடிந்துபோன போரில் புதைத்து வைத்த வெடி. அவருடைய பன்னிரண்டு வயது மகன் கப்பலில் தனியாக இருக்கிறான். அப்பா ஏற்கெனவே இல்லை. கதை முழுக்க அந்தப் பையனைச் சுற்றித்தான். அம்மாவைப் போலவே உருவம் எடுத்து ஒரு வேற்றுயிர் வந்து, என்னோடு வந்துவிடு, இழப்பே இல்லாமல் வைத்துக்கொள்கிறேன் என்கிறது. போய்விடலாமா என்று பையன் தவிக்கிறான். கடைசியில் அவனைத் திருப்பிக் கொண்டுவருவது, அப்பாவை இழந்த வெஸ்லி, கப்பல் மருத்துவரின் மகன், சொல்லும் ஓர் உண்மை. அப்பாவின் உடலோடு திரும்பி வந்த பிகார்ட் மேல் எத்தனை நாள் கோபமாக இருந்தேன் என்று, பிகார்ட் முன்னாலேயே சொல்கிறான்.

எங்கள் மொட்டைமாடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். போனவர் திரும்பாத வீடு எங்கள் பக்கத்தில் உண்டு. அந்த வீட்டில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், கூடப் போய்த் திரும்பி வந்தவர் மேல் கோபப்படுவார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். சிறந்த இருபதுக்குள் வராத இந்த எபிசோட், எங்கள் தெருவில் முதல் இடத்துக்கு வரலாம். பட்டியல் போட்டவர்கள் தங்கள் ஊரில், தங்கள் வயதில், தங்கள் வீட்டில் இருந்துகொண்டு போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பொறுக்கியதை மட்டும் சாப்பிட நான் தயாராக இல்லை.

தம்பி சொன்ன புதிய தொடர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். 2022-இல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் எனக்கும் பிடிக்கும். வாரம் ஒரு தனிக் கதை என்ற பழைய வழக்கத்துக்குத் திரும்பிய தொடர் அது. படம் சினிமா மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள், அதில் சந்தேகம் இல்லை. சீசனுக்குப் பத்து. குறைவாக எடு, ஒவ்வொன்றையும் செதுக்கி எடு என்பதுதான் இப்போதைய வழி. பிரிட்டிஷ் தொடரான டாக்டர் ஹூவும் அப்படித்தான் ஆகிவிட்டது. 1963-இல் தொடங்கியபோது முதல் சீசனுக்கு 42 எபிசோட், 2024 சீசனுக்கு எட்டு.

ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸின் மூன்று சீசன்கள் 2022, 2023, 2025 என்று வந்தன. மொத்தம் முப்பது எபிசோட். நெக்ஸ்ட் ஜெனரேஷன் அதே கால அளவில் ஏறக்குறைய நூறு எபிசோட் எடுத்திருந்தது. அப்படியானால் இப்போது எண்ணிக்கை குறைந்துவிட்டதா? இல்லை. 2017-இலிருந்து 2025 வரை வந்த டிஸ்கவரி 65, பிகார்ட் 30, லோயர் டெக்ஸ் 50, ப்ராடிஜி 40. இவற்றோடு இந்த முப்பதையும் கூட்டினால் 215. நெக்ஸ்ட் ஜெனரேஷனை விட அதிகம். எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, ஐந்து வீடுகளாகப் பிரிந்துவிட்டது. ஒரே குடும்பத்தோடு 178 மாலைகள் உட்காருவதும், ஐந்து குடும்பங்களை நலம் விசாரித்துவிட்டு வருவதும் ஒன்றல்ல.

பத்தே இடம் இருக்கும்போது ஒவ்வொன்றும் பெரிய விஷயமாகத்தான் இருந்தாக வேண்டியிருக்கிறது. உலகம் அழியப் போகிறது, அல்லது யாரோ சாகப் போகிறார்கள். சும்மா ஒரு நாளுக்கு அங்கே இடம் குறைவு. சும்மா ஒரு நாளில்தான் ஆள் பிடிபடுவார். என்னைப் பொறுத்தவரை இதுதான் புதிய தொடர்களின் உண்மையான பற்றாக்குறை. எழுத்தோ நடிப்போ குறை இல்லை. அடுத்த வருடம் தம்பி கேட்டதைக் காட்டலாம். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிறைய எடுத்தாலே நல்லது வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நெருக்கடி ஒரே தொடரில் இரண்டு தடவை வந்தது, இரண்டு விதமாக முடிந்தது.

1989-இல் இரண்டாவது சீசன் முடியும் நேரம். முந்தைய எபிசோடுகளில் செலவு மிஞ்சிப்போயிருந்தது. கடைசி எபிசோடை மூன்றே நாளில் எடுத்தார்கள். ரைக்கர் மயக்கத்தில் படுத்திருப்பார், அவர் நினைவாகப் பழைய எபிசோடுகளின் காட்சிகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள். 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்று பெயர். தொடரிலேயே மோசமானது எது என்று கேட்டால் பலரும் அதைத்தான் காட்டுவார்கள். இடத்தை நிரப்புவதற்காக மட்டும் எடுத்தது.

நான்காவது சீசனில் மறுபடியும் பணம் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. அதேபோல் வெட்டி ஒட்டலாம் என்றுதான் ஸ்டூடியோ கேட்டது. தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. புதிய அரங்கு, விண்வெளிக் காட்சி எதுவும் கேட்காத கதை ஒன்றை, ஏற்கெனவே இருக்கும் அறைகளுக்குள்ளேயே எடுத்துத் தருகிறோம் என்றார்கள். ஜெரி டெய்லர் எழுதினார், ஃப்ரேக்ஸ் இயக்கினார். 1991-இல் 'தி டிரம்ஹெட்' வந்தது. கப்பலில் ஒரு வெடிப்பு. சதியா என்று விசாரிக்க ஓர் ஓய்வு பெற்ற பெண் அட்மிரல் வருகிறார். விபத்து என்று தெரிந்த பிறகும் அவர் விசாரணையை நிறுத்தவில்லை. ஒரு இளம் மருத்துவ ஊழியனின் தாத்தா எதிரி இனத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் அவனையே குற்றவாளியாக்கப் பார்க்கிறார். நாலு சுவருக்குள் ஆட்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான். பிறந்த இடத்தை வைத்து ஒருவனைச் சந்தேகப்படுவது எப்படித் தொடங்கும், எப்படி வளரும் என்று இதைவிட நன்றாக நான் எங்கும் பார்த்ததில்லை. இரண்டு தடவையும் பணம் இல்லை. முதல் தடவை கையில் கிடைத்ததை ஒட்டிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை கதை எழுதும் அறையில் இருந்தவர்கள் முடியாது என்று சொன்னார்கள்.

அந்த அறைக்குள் யார் யார் வந்தார்கள் என்பதைப் பார்த்தபோதுதான் என் முடிவு எனக்குப் பிடிபட்டது. 1989-இல் மூன்றாவது சீசனுக்கு மைக்கேல் பில்லர் என்பவர் எழுத்துப் பிரிவின் தலைவரானார். சீசனுக்கு 26 எபிசோட் வேண்டும், கையில் திரைக்கதை இல்லை. அவர் கதவைத் திறந்துவிட்டார். ஏஜென்ட் இல்லாத, யாரையும் தெரியாத ஆளும் எழுதி அனுப்பலாம், படிக்கிறோம் என்றார். ஹாலிவுட்டில் அது சாதாரண விஷயமில்லை. 'தி பாண்டிங்' அப்படி வந்ததுதான். எழுதிய ரொனால்ட் டி. மூர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது கொடுத்துவிட்டு வந்த திரைக்கதை, பில்லர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொடரைப் புதிதாக எழுப்பியவர் அவர்தான். அதே சீசனில் வந்த 'தி ஆஃப்ஸ்ப்ரிங்', ரெனே எச்செவாரியா வெளியிலிருந்து எழுதி அனுப்பியது. இயந்திர மனிதன் டேட்டா தனக்கு ஒரு மகளை உருவாக்கிக்கொள்ளும் கதை. ஃப்ரேக்ஸ் முதன்முதலாக இயக்கியதும் அதைத்தான்.

பத்து இடம் மட்டும் இருந்திருந்தால் இவர்களில் யாரும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்தையும் ஏற்கெனவே பேர் எடுத்தவர்களே எழுதியிருப்பார்கள். 26 இடம் இருந்ததால் நாலு இடத்தை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. வியாசர்பாடியில் பந்தாடும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே இருப்பவன் எவ்வளவு திறமைசாலி என்று யாருக்கும் தெரியாது. இருபது நிமிடம் இறக்கி விட வேண்டும்.

ஆக, என் முடிவு நான்காவது வழி. நெக்ஸ்ட் ஜெனரேஷனின் மூன்றாவது சீசனை, வரிசை மாற்றாமல், சுமாரானதையும் சேர்த்து, கூடையோடு எடுக்கிறோம். தரத்துக்காக எதையும் தள்ளவில்லை. வயதுக்காக ஒன்றே ஒன்றைத் தள்ளுகிறேன். 24-ஆவது எபிசோடில் பெண்களை ஆடையில்லாமல் நிறுத்தி வேடிக்கை காட்டும் இடம் வருகிறது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் முன்னால் அது வேண்டாம். மீதி 25. கடைசி எபிசோடில் பிகார்டை போர்க் என்ற எதிரிக் கூட்டம் தன்னோடு இணைத்துக்கொண்டு, அவரைக்கொண்டே அவர் கப்பலை மிரட்டும். அவர் மேல் சுடச் சொல்லி ரைக்கர் உத்தரவு கொடுப்பதோடு 1990 ஜூனில் சீசன் முடிந்தது. அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவில் செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். ஆகவே நான்காவது சீசனின் முதல் இரண்டையும் சேர்க்க வேண்டும். அதில் இரண்டாவது 'ஃபேமிலி'. சண்டையே கிடையாது. மீண்டு வந்த பிகார்ட் பிரான்சில் அண்ணன் வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போய், சேற்றில் அண்ணனோடு கட்டிப் புரண்டு, உட்கார்ந்து அழுகிறார். 25 எபிசோடுகளாக நிமிர்ந்தே நின்றவர். பட்டியல் போட்டு இருபது பார்த்தவர்களுக்கு அந்த அழுகை பாதிதான் கேட்கும்.

மொத்தம் 27. ஞாயிறுக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு வாரத்தில் 24. பதின்மூன்றாவது ஞாயிறு, அந்தக் கடைசி எபிசோட் மட்டும். இரண்டு பாகத்தையும் ஒரே மாலையில் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சுவார்கள். காட்டக் கூடாது. ஒரு வாரமாவது காத்திருக்கட்டும், தெருவில் பேசிக்கொள்ளட்டும். பதினான்காவது ஞாயிறு, மீதி இரண்டும். ஜூன் இரண்டாம் ஞாயிறு தொடங்கினால் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு முடியும். காலாண்டுத் தேர்வுக்கும் அடைமழைக்கும் முன்னால்.

சொன்னதும் தம்பி, "சுமாரா இருக்கற வாரத்துல ரெண்டு பேர் எழுந்து போனா?" என்றான். போகட்டும், அடுத்த வாரம் வருவார்கள் என்றேன். அதுவும் பார்த்தால், இந்த சீசனில் முதல் நான்கு வாரங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டாவது ஞாயிறே 'ஹூ வாட்ச்சஸ் தி வாட்ச்சர்ஸ்' வருகிறது. பிகார்டைக் கடவுள் என்று நம்பத் தொடங்கும் ஒரு மக்களிடம், நானும் சாகிறவன்தான் என்று அவர் மன்றாடுகிறார். கடைசியில் அம்பு பட்டு ரத்தம் சிந்தித்தான் நம்ப வைக்கிறார். கீழே படிப்பகச் சுவரில் பெரியார் படம் மாட்டியிருக்கிறோம். அந்த ஞாயிறு விவாதம் ஒன்பது மணிக்கு முடிந்தால் அதிசயம். பட்டியலோடு வந்த பெண் தன் தாளில் இருந்த மூன்றாம் சீசன் எபிசோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, மற்ற சீசன்களில் இருப்பதைத் தேர்வு முடிந்ததும் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று தாளை மடித்து வைத்துக்கொண்டாள். அண்ணன் முதல் தொடரிலிருந்து ஒன்றாவது காட்டச் சொல்கிறார். பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

'தி பாண்டிங்' மூன்றாவது ஞாயிறு வருகிறது. போன ஆடியில் அப்பாவைக் கடலில் பறிகொடுத்த பையன் ஒருவன் இப்போதும் மாடிக்கு வருகிறான், படிக்கட்டுப் பக்கத்திலேயே உட்காருவான். அதற்கு முந்தைய வாரம் அவன் வீட்டுக்குப் போய், கதை இன்னது என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அன்றைக்கு அதை எடுத்துவிட்டு, அடுத்ததைப் போடுவோம்.